கர்ட்டன் கம்பியோடு நின்ற வீரன்

2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். ஆறு மணிக்கு வாசலில் இருக்கும் மழைமானியைப் பார்த்தேன். நான்கு மில்லிமீற்றர். தேயிலைத் தோட்ட ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. யாருக்கும் பயன்படாத ஓர் எண்ணை முப்பது வருஷத்துக்கு மேலாக டயரியில் எழுதி வருகிறேன். பிறகு தேத்தண்ணி, ரொட்டி, பத்திரிகை. பத்து மணிக்குப் பெரிய பங்களாவிலிருந்து போன் வந்தது.

வட்டவளைக்கு மேலே இருக்கும் அந்தப் பங்களா இப்போது ஹோட்டல். அங்கே ஒரு நாள் தங்கும் காசில் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு தொழிலாளர் குடும்பம் ஒரு மாதம் சாப்பிடலாம். தங்க வருகிறவர்களுக்குக் கொழுந்துக் கூடையை மாட்டிவிட்டுப் படம் எடுக்கிறார்கள். அரை மணி நேரத்தில் கூடையைக் கழற்றிவிடலாம் என்பதால் அவர்களுக்கு அது சந்தோஷமாக இருக்கிறது.

மானேஜர் கொழும்புப் பையன். "அங்கிள், உங்ககிட்ட பழைய டயரி எல்லாம் இருக்காமே. ஒரு போட்டோவுல இருக்கிற ஆளோட பேர் வேணும். பேர் போட்டா கெஸ்டுங்களுக்குப் பிடிக்கும்" என்றான்.

போனேன். சாப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும் சிவப்புத் தரைப் பொலிஷ் வாசனை. அதற்குப் பிறகுதான் படத்தைப் பார்த்தேன். கதவளவு, கறுப்பு வெள்ளை. ஒட்டுத் துணி இல்லாத ஓர் ஆண், முதுகைக் காட்டி, ஒரு காலைப் பெட்டிமேல் வைத்து, கையில் ஈட்டியோடு நிற்கிறார். கீழே பித்தளைத் தகட்டில் 'மலையின் வீரன். தொழிலாளி, பெயர் தெரியவில்லை'. அந்த ஈட்டி இதே அறையின் கர்ட்டன் கம்பி. நுனியில் பித்தளைக் குமிழ்கூட இருக்கிறது. வீரனாம்.

பெயர் எனக்குத் தெரியும். அந்த ஆளை அங்கே அனுப்பியதே நான்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. ஆபீஸில் சின்னக் கிளாக்கர். தோட்டத்தையே நான்தான் ஓட்டுகிறேன் என்ற நினைப்பில் கைக்கடிகாரம் கட்டியிருந்தேன். அப்போது ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் இரண்டு வாரம் தங்கினார். சனங்கள் அவரைப் படத்தொரை என்றார்கள். கரித்துண்டால் மனித உடம்பை வரைவார், பிறகு அதையே போட்டோவும் எடுப்பார். அவரிடம் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. வரையப் படிக்கிறவர்களுக்காக எந்தக் காலத்திலோ எடுத்த பழுப்பு நிறப் படங்கள். எல்லாம் அம்மணமான ஆண்கள். ஒருவன் உடைந்த தூணில் சாய்ந்திருக்கிறான், ஒருவன் நெற்றியில் கை வைத்திருக்கிறான், ஒருவன் கயிறு இழுக்கிறான், ஆனால் கயிற்றின் மறுமுனையில் எதுவும் இல்லை. எல்லாருமே வெகுதூரத்தில் எதையோ பார்க்கிறார்கள். எதை என்று படம் எடுத்தவனுக்கே தெரிந்திருக்காது. ஒழுங்காக உழைக்கிற ஆள் ஒருவன்கூட அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

உடம்பு வாகான ஆறு பேர் வேண்டும் என்று ஆபீஸில் கேட்டார். என் மேசையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க ஆள் வந்த நாளில் மலையில் வேலையாக இருந்து தவறவிட்டவர்கள். அதிலும் ஆறு பெயர். ஒரே கல்லில் இரண்டு வேலை என்று அந்தப் பட்டியலையே அனுப்பினேன். ஒழுங்கான ஆட்கள் செய்கிற முட்டாள்தனம் எப்போதும் ஒழுங்காகவே இருக்கும்.

அடையாளக் கார்ட்டுக்குப் படம் என்றால் எங்கள் லயத்தில் ஒரு முறை உண்டு. செத்துப்போன பெரிய கங்காணியின் கறுப்புக் கோட்டு ஒன்று ரசக்கற்பூர வாசனையோடு டிரங்குப் பெட்டியில் கிடக்கும். படம் எடுக்கிற எல்லாரும் அதைத்தான் மாட்டுவார்கள். மூன்றாவது பட்டன் விழுந்து, அந்த இடத்தில் வெள்ளைச் சட்டைப் பட்டன் தைத்திருக்கும். அந்தக் காலத்து அட்டைகளை எடுத்துப் பாருங்கள், தோட்டம் முழுக்க அதே கோட்டு, அதே வெள்ளைப் பட்டன்.

ஆறு பேரும் திருநீறு பூசி, எண்ணெய் வைத்துத் தலை சீவி, அந்த ஒரு கோட்டோடு பங்களாவுக்கு வந்தார்கள். படத்தொரை கோட்டைப் பார்த்துச் சிரித்தார். எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். நான்தான் தமிழில் சொன்னேன்.

"என்னா கிளாக்கரய்யா, மொகத்துக்குப் போட்டோ புடிக்க வேட்டிய எதுக்கு அவுக்கணும்?" என்றார் முத்தையா. கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டி வெட்டி உரமேறிய தோள்.

"அவர் சொல்றபடி நின்னுட்டா கார்ட்டுக்கும் எடுத்துக் குடுப்பாரு" என்றேன். அப்படி அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க இங்கிலீஷ் போதவில்லை, துணிச்சலும் போதவில்லை.

ஐந்து பேர் காறித் துப்பிவிட்டுப் போனார்கள். முத்தையா நின்றார். கொழும்பில் ஒரு கடையில் அவருக்கு வேலை சொல்லியிருந்தார்கள். வடக்கில் யுத்தம், கார்ட் இல்லாத தமிழன் ஹட்டனைத் தாண்டவே பயப்படுகிற காலம். அந்தக் குளிரில் இருபது நிமிஷம், இருபது நிமிஷமாக நின்றார். படத்தொரை நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டு, கொத்தனார் சுவரைப் பார்ப்பதுபோல் அவர் முதுகு நேராக இருக்கிறதா என்று பார்த்தார். கோட்டு நாற்காலியில் தொங்கியது.

கார்ட்டுக்குப் படம் எடுக்கவே இல்லை. முத்தையா அப்படியே கொழும்புக்குப் போனார். வழியில் சோதனைச் சாவடியில் இறக்கி இரண்டு நாள் உட்கார வைத்தார்கள். கடை வேலை போய்விட்டது. கார்ட்டுக்குப் படம் அடுத்த வருஷம்தான் எடுத்தார், அதே கோட்டில். அவர்களை அனுப்பிய அன்று என் டயரியில் எழுதியது: 'பங்களாவுக்கு ஆறு பேர் அனுப்பினேன். மழை இல்லை.' அவ்வளவுதான். இதைத்தான் பொக்கிஷம்போல் பூட்டி வைத்திருக்கிறேன்.

இப்போது அந்தப் படத்தின் கீழே மேசையில் கோப்பை வைத்துக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அங்கிள், தெரியுதா? முத்தையா மக." போன மாதம்தான் அங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள்.

மானேஜரிடம் படத்தை எடுத்துவிடச் சொன்னேன்.

"ஆர்ட் அங்கிள் இது! படம் எடுத்தவரோட குடும்பம் வெளிநாட்டிலேருந்து அனுப்பினது. படத்துல இருக்கிற ஆளே வந்து வேணாம்னா எடுத்துடலாம். யார்னே தெரியாதப்போ எப்படி?"

மத்தியானம் பஸ் ஏறி நோர்வூட்டுக்குப் போனேன். முத்தையா இப்போது அங்கே இருக்கிறார். சந்தைக்குப் போகிற லீக்ஸ் தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க கிளாக்கரய்யா. மழையெல்லாம் அளந்து முடிஞ்சிச்சா?"

சொன்னேன்.

"அந்தப் படம் எம்புட்டுப் பெருசு?"

"கதவளவு."

"மொகம்?"

"தெரியல. திரும்பி நிக்கிறீங்க."

சிரித்தார். "கட்டவெரல் அளவுக்கு ஒரு மொகம் வேணும்னுதான் போனேன். அந்தாளு மொகத்த விட்டுட்டு மிச்சம் அத்தனையும் புடிச்சிருக்கான்." பிறகு லீக்ஸைக் கீழே வைத்தார். "எம் மக அங்கதானே சோறு வக்கிறா?"

"அவளுக்குத் தெரியாது."

"தெரியவும் கூடாது. நீங்கதானே அனுப்புனீங்க. நீங்களே எறக்கிருங்க."

மறுநாள் காலை மழைமானியைப் பார்க்கவில்லை. முதல் வேலையாக, தேத்தண்ணிகூடக் குடிக்காமல், பங்களாவுக்கு நடந்தேன். மானேஜர் பல் துலக்கிக்கொண்டு வந்தான்.

"அந்தப் படத்துல இருக்கிறது நான்தான். எடுத்துடுங்க" என்றேன்.

அவன் படத்தின் தோளைப் பார்த்தான், என் தோளைப் பார்த்தான். என் உயரம் ஐந்தடி மூன்றங்குலம்.

"வயசாயிருச்சு தம்பி."

சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். ஏணி வந்தது. படத்தின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை முத்தையாவின் மகள் பிடித்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று குனிந்து படத்தின் மூலையில் நாற்காலியில் தொங்கும் கோட்டைப் பார்த்தாள்.

"அங்கிள், இந்தக் கோட்டு... எங்கப்பாவோட பழைய கார்ட்டுலயும் இதே வெள்ளப் பட்டன்."

"எல்லாரோட கார்ட்டுலயும் அதுதாம்மா. அப்ப லயத்துக்கே ஒரு கோட்டுதான்."

"இப்ப அது எங்க?"

"இல்ல. பூச்சி அரிச்சிருச்சு" என்றேன். படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தோம்.