பெரிய வண்டிக்காரர்

வண்டி முழுதாக நிற்பதற்குள் கைலாசம் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிடுவார். சிவப்பு விழுந்தால் மற்றவர்கள் செல்போனை எடுப்பார்கள். இவர் இடது பக்கம் ஒரு பார்வை, வலது பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காத்திருப்பார். யாராவது கேட்டுவிடுவார்கள். பள்ளிக்கூட பஸ்ஸுக்கும் கோழித்தீவன லாரிக்கும் நடுவில் பச்சைப் பசேலென்று ஆயிரம் சிசி வண்டி ஒன்று உறுமிக்கொண்டு நின்றால், நாமக்கல்காரர்கள் சும்மா இருப்பார்களா?

“ஏனுங்க, மைலேஜ் எவ்வளவுங்க குடுக்கும்?”

“டவுனுக்குள்ள பதினஞ்சு. மெயின் ரோட்ல உட்டா இருவது வருமுங்க.”

“பதினஞ்சுதானுங்களா? கட்டுபடியாகுதுங்களா?”

“எங்கீங்க ஆகுது” என்பார், ஏதோ பாராட்டு வாங்கியவரைப் போல. அடுத்து எத்தனை சிசி, அடுத்து எவ்வளவு வேகம் போகும். எத்தனை பேர் கேட்டாலும் முதல் தடவை கேட்பது போலவே பதில் வரும். நானாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதி முதுகில் மாட்டிக்கொண்டிருப்பேன்.

கைலாசத்துக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. சேலத்து நெசவுக் குடும்பம்; படித்து வெளியே வந்தவர். நாமக்கல்லைத் தாண்டித் திருச்சி ரோட்டில் இருக்கிற ஒரு தீவனப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கோழிக்குப் போகிற மக்காச்சோளத்தில் ஈரம் எவ்வளவு, பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அங்கே இருப்பதே மூன்று பேர். மூன்று பேருக்கும் தனித்தனிக் கண்ணாடி அறை. சாயங்காலம் வரை அவருக்குத் துணை சோளம்தான். குடியிருப்பது சேலத்தை ஒட்டி, ஏற்காட்டு மலையடிவாரத்தில் இருக்கிற கொண்டப்பநாயக்கன்பட்டியில், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. எனக்கும் நாமக்கல்லில்தான் ஆபீஸ். ஆனால் நான் பஸ்ஸில் போகிறவன், ஏறினதும் தூங்கிவிடுகிற ரகம். ஊருக்குள் நுழைந்து நெரிசலில் மாட்டித் தூக்கம் கலையும்போது, ஜன்னலுக்கு வெளியே இந்தப் பச்சை வண்டி யாரிடமாவது பேசிக்கொண்டு நிற்கும்.

அது நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த வண்டி. பந்தய வண்டியின் எஞ்சின், நாளெல்லாம் உட்கார வசதியான சீட்டு, காற்றைத் தடுக்க முன்னால் கண்ணாடி. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் இந்த மாதிரி வண்டிகள் கூட்டமாக வந்து, கைலாசத்தின் வாசல் வழியாகத்தான் ஏற்காட்டு மலைப் பாதையில் ஏறும். கொண்டை ஊசி வளைவுக்கு உயிரை விடுகிற கூட்டம். வீட்டு வாசலிலேயே மலை இருந்தும் கைலாசம் தினமும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சேலத்து நெரிசலுக்குள் இறங்கிப் போவார். “மலைல என்னங்க இருக்குது. குரங்குதானுங்க” என்பார்.

நெரிசலில் அந்த வண்டியை ஓட்டுவது லேசான காரியம் இல்லை. இருநூற்று முப்பது கிலோ. ஊர்ந்து போகும்போது கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. எலாஸ்டிக் பட்டை ஒன்றை எந்நேரமும் போட்டிருப்பார். எஞ்சின் சூட்டைத் தணிக்க உள்ளே ஒரு விசிறி சுற்றும். அந்த அனல் முழுக்கக் காலில்தான் அடிக்கும். சித்திரை வெயிலில் வலது முழங்காலுக்குக் கீழே தோல் கருத்தே போய்விட்டது. “ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளக் கூடாதா?” என்று கேட்டேன். “ஸ்கூட்டர்ல போனா யாருங்க பேசுவாங்க?” என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மனைவி கமலவேணி, மகள் ஷாலினியின் பிரசவத்துக்காக ஹைதராபாத் போனவர். மூன்று மாதத்தில் வந்துவிடுவதாகப் பேச்சு. அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளையை யார் பார்ப்பது? தினமும் வீடியோவில் பேசுவார்கள். திரையில் பேரன்தான் ஓடிக்கொண்டிருப்பான், கமலவேணியின் தோள் மட்டும் தெரியும். அந்த வீட்டில் ஒரு அறை இவருக்கும் உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னது என்று கேட்டால், “பொதுவாச் சொன்னாங்க” என்பார்.

வண்டி வாங்கின புதிதில் அதிலேயே ஹைதராபாத் போய் இறங்கினார். கமலவேணி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, “எதுக்குங்க இந்த வேலை, பஸ்ல வந்திருக்கலாமில்ல” என்றாராம். மேலே எல்லோருக்கும் அவரவர் வேலை. இவர் சாயங்காலம் முழுக்கக் கீழே வாட்ச்மேனோடு நின்றிருக்கிறார். “அவனுக்கு இந்தி, எனக்குத் தமிழு. வண்டியப் பத்திப் பேசறதுக்குப் பாஷை எதுக்குங்க” என்றார். போய்வந்த பயணத்தில் அவர் விவரித்துச் சொன்னது அந்த ஒரு சாயங்காலத்தை மட்டும்தான்.

ஒரு மழை நாளில் பஸ் கிடைக்காமல் நான் அவர் பின்னால் ஏறினேன். ஏறினேன் என்பது சும்மா பேச்சுக்கு; பின் சீட்டு அத்தனை உயரம், சுவர் ஏறிக் குதிப்பது போலத்தான் இருந்தது. அன்றைக்குத்தான் இரண்டு விஷயம் தெரிந்தது. நாமக்கல்லுக்கு வெளியிலேயே பைபாஸ் இருக்கிறது. அதில் போனால் அவர் ஆபீஸ் வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும். எனக்காக ஊருக்குள் திரும்புகிறார் என்று நினைத்தால், தினமும் அப்படித்தானாம். இரண்டாவது, தூரத்தில் பச்சை தெரிந்தால் மனிதர் வேகத்தைக் குறைத்துவிடுகிறார். பின்னால் ஹார்ன் அடித்துத் தீர்க்கிறார்கள். இவர் உருட்டி உருட்டிப் போய், சரியாகச் சிவப்பு விழும்போது முதல் ஆளாகக் கோட்டில் நிற்கிறார்.

“என்னங்க கைலாசம் இது?” என்று கத்தினேன்.

“செவப்பு உழுந்தாத்தானுங்க மனுசன் மூஞ்சியப் பாக்க முடியுது. ஊட்டுக்குப் போய்ப் பேசுனா தொந்தரவுங்க, டீவி பாத்துட்டு இருப்பாங்க. இங்க எப்படியும் நிக்கத்தானுங்க போறாங்க. யாருக்கும் நட்டமில்ல.”

என் வீட்டுக்கு அவர் ஒரு நாள்கூட வந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சிக்னலில் கேட்கிறவர்கள் ஒரு தடவையோடு சரி. மறுபடி மறுபடி வந்தது ஒரே ஒருவர்: மொபெட்டில் முன்னும் பின்னும் முட்டை அட்டைகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு கடை கடையாகப் போடுகிறவர். டவுனுக்கு நடுவில் இருக்கிற நாற்சந்தியில் ஏறக்குறைய தினமும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். இவர் அவரை முட்டைக்காரர் என்பார். அவருக்கு இவர் பெரிய வண்டிக்காரர். பெயர் கேட்டுக்கொண்டதில்லை. பச்சை விழுந்தால் பேச்சு அறுந்துவிடும், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். முட்டைக்காரரின் பெண் நர்ஸிங் முடித்தது, நாமக்கல்லிலேயே வேலை கிடைத்தது, மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தது எல்லாம் கைலாசத்துக்குத் தவணை முறையில் வந்து சேர்ந்த சேதிகள்.

ஒரு நாள் முட்டைக்காரர், “குமாரபாளையத்துல ஒரு எடம் வருதுங்க. தறிப்பட்டறை வெச்சிருக்காங்க. உங்களுக்குத் தறிக்காரங்க பழக்கம் இருக்குமில்லீங்க, கொஞ்சம் விசாரிச்சுச் சொல்றீங்களா?” என்றார். கைலாசத்தை அந்த வாரம் பார்த்திருக்க வேண்டும். கூப்பிட்டு வேலை சொல்ல உலகத்தில் ஒருவர் இருக்கிறார் என்ற பூரிப்பு. ஞாயிற்றுக்கிழமை குமாரபாளையம் போய், பட்டறைத் தெரு முனை டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். கூட்டம் கூடிவிட்டது. மைலேஜில் தொடங்கி மாப்பிள்ளையில் முடித்தார். கிடைத்த சேதி நல்லதில்லை. பையனுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணமாகிப் பிரிந்துவிட்டது; மறைத்துப் பெண் தேடுகிறார்கள்.

திங்கட்கிழமை அந்த நாற்சந்தியில் சிக்னல் இல்லை.

நடுவில் தடுப்புகளைப் போட்டு, எல்லோரும் நேரே போய்த் தள்ளித் திரும்பி வர வேண்டும் என்று போலீஸ் ஏற்பாடு செய்துவிட்டது. ஊருக்கே நிம்மதி. என் பஸ்கூடச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தது. கைலாசம் மட்டும் தவித்துப் போனார். எதிர் வரிசையில் முட்டை அட்டைகள் ஓடுவது தெரிகிறது. கையைக் காட்டுவதற்குள் போய்விடுகிறது. துரத்திக்கொண்டு போய்த் திரும்பினால் ஆள் இல்லை. இரண்டு சுற்று, மூன்று சுற்று சுற்றுகிறார்; பஸ் ஜன்னலிலிருந்து நானே பார்த்தேன். மளிகைக் கடைகளில் இறங்கி விசாரித்திருக்கிறார். “மொபெட்டுல முட்டை போடறவரு” என்றால் நாமக்கல்லில் யாரென்று சொல்வார்கள்?

“பொண்ணுக்கு நாள் வெச்சுட்டாங்கன்னா என்னங்க பண்றது? நம்மள நம்பித்தானுங்க கேட்டாரு” என்று என்னிடம் சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சாப்பாடே இறங்கவில்லை என்றார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அந்த வியாழக்கிழமை நானாகவே அவர் வீட்டுக்குப் போய், கூட வருகிறேன் என்று ஏறிக்கொண்டேன். நாற்சந்தியை நெருங்கும்போது வண்டிகள் சரசரவென்று போய்க்கொண்டிருந்தன. சரியாக நடுவில், தடுப்பை ஒட்டி, எங்கள் வண்டி பொசுக்கென்று அடங்கிவிட்டது. சூடேறி நின்றுவிட்டது என்று நினைத்து நான் குதித்து இறங்கினேன். பின்னால் ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது. லாரிக்காரர் ஒருவர் எங்கள் பரம்பரையையே விசாரித்தார். கைலாசம் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, உட்கார்ந்தே இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் மொபெட் ஒன்று தடுப்போரம் ஒதுங்கி நின்றது. அத்தனை முட்டையையும் அப்படியே ஸ்டாண்டு போட்டுவிட்டு முட்டைக்காரர் ஓடி வந்தார்.

“ஏனுங்க, வண்டிக்கு என்னங்க ஆச்சு?”

“அந்தக் குமாரபாளையத்து எடம் வேண்டாமுங்க” என்றார் கைலாசம். மூச்சு வாங்கியது அவருக்கு. “பையனுக்கு மொதல்லயே ஒண்ணு ஆயிருக்குது. மறைக்கறாங்க.”

“அது தெரிஞ்சு போச்சுங்க. போன ஞாயித்துக்கெழமையே வேண்டாம்னு சொல்லி உட்டுட்டோம்” என்றார் முட்டைக்காரர். “உங்களுக்குச் சொல்லோணும்னு ரெண்டு நாளா இந்த ஓரத்துல நின்னு பாத்தேனுங்க. போலீஸ்காரரு தொரத்தி உட்டுட்டாரு.”

கைலாசம் அவரையே பார்த்தார். கண் கலங்கியது.

“சரி, மொதல்ல வண்டிய ஓரங்கட்டலாமுங்க. நீங்க உக்காருங்க, நாங்க தள்ளறோம்” என்று முட்டைக்காரர் பின்னால் போய்க் கை கொடுத்தார். இரண்டு காலேஜ் பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். வண்டி மெதுவாக உருண்டது. நான் பக்கத்தில் நடந்தேன். வலது கைப்பிடியில், எஞ்சினை அணைப்பதற்கென்று சிவப்பாக ஒரு சுவிட்ச் இருக்கும். அதை அவரே அணைத்து வைத்திருந்தார். வண்டிக்கு ஒரு கோளாறும் இல்லை.

சேதிதான் சொல்லியாகிவிட்டதே, இனி ஓட்டிக்கொண்டு போகலாமே என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். நான் பார்த்துவிட்டதைக் கைலாசமும் பார்த்துவிட்டார். பின்னால் முட்டைக்காரர், “இன்னுங் கொஞ்சந்தானுங்க, புடிச்சுக்கோங்க” என்று மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டிருந்தார். கைலாசம் கட்டைவிரலை நகர்த்தி அந்தச் சுவிட்சை மறைத்துக்கொண்டார்.