மனுவேலுக்கு ஒரு மருமகன்

நண்பகல் ஆனால் எங்கள் தொழிற்சாலையில் எல்லோரும் எல்லோருக்கும் "மால்ட்சைட்" என்பார்கள். சாப்பாட்டு நேரத்து வணக்கம். படியில் சொல்வார்கள், கக்கூஸ் வாசலில்கூடச் சொல்வார்கள். அதற்கு மேல் ஒரு கேள்வி கிடையாது. ஜெர்மனியின் வுப்பர்டாலுக்கு வந்து எட்டு மாதமாகப் பக்கத்து மெஷினில் நின்ற ஜெர்மன்காரருக்கு நான் எந்த நாடு என்பதே தெரியாது. யாழ்ப்பாணத்தில் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர், கொடிகாமம் தாண்டுவதற்குள் என் சம்பளம், சாதகம் இரண்டையும் கறந்துவிடுவார். அங்கே அது எனக்குப் பெரிய எரிச்சல். இங்கே வந்தபின், ஒருவராவது என்னிடம் ஏதாவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கிப்போனேன்.

கேட்டவள் லூர்தெஸ். போர்த்துக்கேயப் பெண், என் அறைக்குக் கீழ்வீட்டில் கணவனோடு இருந்தாள், என் தொழிற்சாலையில்தான் வேலை. ஒருநாள் அவள் வீட்டு மேசையைத் தட்டி, இதற்கு எங்கள் மொழியில் மேசை என்றேன். அவள் வாயைப் பிளந்தாள். அவர்களுக்கும் அது மேசைதான். பிறகு அலுமாரி, ஜன்னல், கதிரை, சப்பாத்து, பாண் என்று வீடு முழுக்கத் தொட்டுத் தொட்டுச் சிரித்தோம். எத்தனையோ தலைமுறைக்கு முன் அவளுடைய ஆட்கள் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்டபோது விட்டுப்போன சொற்கள். அன்றிலிருந்து ஞாயிறு மத்தியானச் சாப்பாடு எனக்கு அங்கேதான். மனசுக்குள் அவளை அக்கா என்றே கூப்பிட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அவர்களுடைய நாடு அங்கோலாவில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தது. ஜெர்மன் மாணவர்கள் தொழிற்சாலை வாசலில் நின்று அந்தப் போருக்கு எதிராகத் துண்டுப்பிரசுரம் கொடுப்பார்கள். போர்த்துக்கேயர்கள் கையை நீட்டாமல், தலையைக் குனிந்துகொண்டு போவார்கள். ஆனால் அவர்களுடைய நாட்டுக்காரரான, கோட்டுப் போட்ட ஒருவர் அவ்வப்போது ஊர்ப் பேப்பர்களோடு வந்து, அங்கோலா எங்களுடையது, ஊரில் சனம் முழுக்க இராணுவத்தின் பக்கம் என்று சொன்னால், எல்லோரும் தலையாட்டுவார்கள். எல்லோரையும்விட அதிகமாக ஆட்டுபவர் மனுவேல். ஐம்பது வயது, உலையடியில் வேலை, அதிகம் பேசாத மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன சனமப்பா இது என்று நினைப்பேன்.

நினைக்க எனக்கென்ன தகுதி? நான் இங்கே வந்த புதிதில், இலங்கையின் தெற்கில் இளைஞர் கிளர்ச்சி நடந்து, நாடெங்கும் ஊரடங்கு போட்டிருந்த நேரம், என் தகப்பனார் ஐயாவின் கடிதம் உடைத்து ஒட்டப்பட்டு வந்தது. மாமரம் பூத்திருக்கிறது, வெயில் கடுமை, எல்லோரும் சுகம் என்று எழுதியிருந்தார். செத்துப்போன பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஐயாவுக்கு இப்படி ஒரு கல்நெஞ்சா என்று கோபித்து, ஒரு மாதம் பதில் போடாமல் இருந்தேன். எனக்கு முன்னால் அந்தக் கடிதத்தை வேறொருவர் வாசித்திருக்கிறார் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

ஒரு ஞாயிறு லூர்தெஸ் வீட்டுக்கு மனுவேலும் வேறு சில போர்த்துக்கேயர்களும் சாப்பிட வந்திருந்தார்கள்; புதிதாக ஒருவனும் இருந்தான். அவளுடைய தம்பி ஜோர்ஜ், இருபது வயது. சொல்லாமல் கொள்ளாமல் கோட்டுக்காரரும் வந்து குந்திவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டு அவர்களுடைய கருவாட்டைத் தின்றிருக்கலாம். என் ஊர்ப் புத்தி விடுமா? ஒரு புதுமுகத்தோடு பேசாமல் இருப்பது மரியாதையில்லை அல்லவா? எப்போது வந்தது, எந்த வழியால் வந்தது, எவ்வளவு நாள் லீவு என்று ஜெர்மனில் அடுக்கினேன். போதாக்குறைக்குக் கடைசியாக ஒன்று கேட்டேன்.

"உங்கட நாட்டில இந்த வயசில பட்டாளத்துக்குப் போகவேணுமே, அது முடிஞ்சுதோ?"

மேசையில் முள்ளுக்கரண்டிகள் எல்லாம் நின்றன. லூர்தெஸின் முகத்தில் இரத்தம் இல்லை. பட்டாளத்து அழைப்பு வந்ததும் மலை வழியாக எல்லை கடந்து ஓடிவந்தவன் அவன் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். கோட்டுக்காரர் வழியாகப் பெயர் அரசாங்கத்துக்குப் போனால் ஊரில் தாய்தகப்பனை விசாரணைக்கு இழுப்பார்கள். அவன் ஊர்ப்பக்கம் தலைவைக்க ஏலாது. கோட்டுக்காரர் அவன் பக்கம் திரும்பித் தங்கள் மொழியில் பெயரைக் கேட்டார். அவன் வாய் திறக்குமுன் மனுவேல் குறுக்கே விழுந்தார். அவர் சொன்னதை லூர்தெஸ் பிறகு எனக்கு விளக்கினாள்.

"அவன் என்ர தங்கச்சியின்ர மகன். நெஞ்சு வருத்தக்காரன். பட்டாளம் வேண்டாமெண்டு விட்டிட்டுது."

லூர்தெஸின் கணவன், நான்தான் ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டிவந்தேன் என்றான். இன்னொருத்தி, இவனுடைய தாய்க்கும் அதே இருமல் என்றாள். ஜோர்ஜும் கெட்டிக்காரன், உடனே ஒரு இருமல் இருமினான். போரைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லோரும் சேர்ந்து அவனுக்கு ஒரு குடும்பத்தை உண்டாக்கினார்கள். கோட்டுக்காரர் வைனைக் குடித்து முடித்து, மனுவேலுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்.

நான் லூர்தெஸிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் என் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

மனுவேல் எழுந்து ஜோர்ஜின் அருகில் போய் இருந்து, எந்தப் படைப்பிரிவுக்கு உன்னைக் கூப்பிட்டார்கள் என்று கேட்டார். அவன் சொன்னான். மனுவேலின் மகன் அதே பிரிவில்தான் அங்கோலாவில் நிற்கிறான் என்று, அவர்கள் பேசியதை எனக்கு மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்த லூர்தெஸ் என் காதில் சொன்னாள்.

"நீ போயிருந்தால் அவனுக்குப் பக்கத்தில தெரிஞ்ச ஒருத்தன் நிண்டிருப்பான்," என்றார் மனுவேல்.

பிறகு அவனுடைய கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நீ இஞ்சையே இரு, மகன்," என்றார்.