துடைத்து வைத்த இலை

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த புதிதில், என் கணவரின் ஒர்க்‌ஷாப் மேஸ்திரி ரஹீம் சாயபைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். சுலபமாக இருக்கட்டும் என்று புளியோதரையும் தயிர்சாதமும் செய்திருந்தேன்.

இலை காலியானால் மறுபடி பரிமாறுவதுதானே நம் வழக்கம். நான் வைக்க வைக்க அவர் துடைத்துச் சாப்பிட்டார். நான்காம் முறை அவருக்கு வியர்த்தது. எனக்கோ வெண்கலப் பானையின் அடி தெரிந்துவிட்டது. மறுபடி கரண்டியை நீட்டியதும் இலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

"நக்கோ, வேணாம் அம்மா. மிச்சம் வெச்சா நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் இவ்வளவும் சாப்பிட்டேன்."

இப்போதெல்லாம் விருந்தாளி உட்காரும்போதே, போதுமென்றால் ஒரு பிடி மிச்சம் வைக்கச் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டுக்கொண்டு என் கணவர், கத்திரிக்காய் சமைத்த நாளெல்லாம் மிச்சம் வைக்கிறார்.