பாதியில் பிரியும் ரயில்

தயிர்சாதம் கட்டி வந்ததில் தொடங்கிய சண்டை. மனைவி பூரணி கடைசிப் பெட்டிக்குப் போய்விட்டாள். நான் முதல் பெட்டியில் வீம்பாக உட்கார்ந்திருக்கிறேன். ஜெர்மனியின் ட்ரியர் நகரிலுள்ள ரோமானியக் கோட்டைவாசலைப் பார்க்கப் போகிறோமாம்.

ஒரு சின்ன நிலையத்தில் ரயில் நிற்கிறது.

"தம்பி, உங்கட மனுசி எங்க?" எங்கள் சண்டையைக் கேட்டிருந்த யாழ்ப்பாணத்து அக்கா, எதிர் இருக்கையிலிருந்து கேட்கிறார்.

"பின்னாடி, கடைசிப் பெட்டியில."

"அது ட்ரியர் போகாது. பின்பாதிய இஞ்ச வச்சுக் கழட்டி வேற ஊருக்கு விடுவாங்கள். ஓடுங்கோ."

செல்போன் என்னிடம்தான் இருக்கிறது. டிக்கெட்டும். நடைமேடையில் ஓடுகிறேன். ஆரஞ்சுச் சட்டைக்காரர் ஒருவர் பெட்டிகளுக்கிடையே குனிந்திருக்கிறார். நான் கடைசிப் பெட்டியில் ஏறியதும் கதவு மூடிக்கொள்கிறது.

பூரணி என் முகத்தைப் பார்க்காமல், பக்கத்து இருக்கையிலிருந்த தயிர்சாத டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள்.

"ஊர் வந்துருச்சா?"

முன்பாதி ரயில் எங்களை விட்டுவிட்டு ட்ரியருக்குப் புறப்படுகிறது.

"நான் வந்துட்டேன்" என்கிறேன்.