டிராம்பே கோட்டான்களுக்கு ஐரோலி முகவரி

1. கல்யாண ஹாலில்

டிராம்பே சேற்றுக்கரையை மண் போட்டு மூடி லாரி நிறுத்தம் கட்டப் போகிறார்கள் என்று மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். ஃபேக்டரியில் இன்ஸ்ட்ருமென்ட் செக்‌ஷனில் கேஜ் பார்த்தே ரிட்டயர் ஆனவன் நான். மைக் பிடித்துப் பழக்கமில்லை. ஆனாலும் எழுந்தேன்.

"மழை விட்டதும் வடக்கேயிருந்து கோட்டான்கள் இங்கதான் சார் வந்து எறங்கும். இந்தச் சேத்து நண்டுதான் அதுங்களுக்குச் சாப்பாடு" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். ஆந்தையைச் சொல்லவில்லை; இந்தக் கோட்டான் நீண்டு வளைந்த அலகுள்ள கரைப்பறவை.

மேடையிலிருந்த அதிகாரி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். "இது உங்க குரூப் போட்ட பதிவுதானே அங்கிள்? கோட்டான் எல்லாம் அக்கரையில ஐரோலியில இருக்கு. டிராம்பேயில ஒண்ணுகூட இல்லையே?"

இல்லைதான்.

2. மாற்றிய கதை

ஞாயிறுதோறும் பறவை எண்ணி, செல்போன் ஆப்பில் பார்த்த இடத்தில் பின் குத்திப் பதிவது எங்கள் குழுவின் வேலை. தலைவி மாட்டுங்கா விஜயா மேடம், காலேஜில் விலங்கியல் நடத்தியவர். ஒரு வருஷம் போட்டோ எடுக்கும் கும்பல் ஒன்று ஆப்பைப் பார்த்து இடம் கண்டுபிடித்து வந்தது. பறக்கிற போஸ் வேண்டுமென்று, மேய்ந்துகொண்டிருந்த கோட்டான்கள் மேல் கல்லெறிந்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது.

அன்று மேடம் வீட்டில் கூடினோம்.

"இனிமே டிராம்பேன்னு ஒருத்தரும் போடப்டாது. பின்னைத் தூக்கி ஐரோலில குத்திடுங்கோ. அங்க போய் அலையட்டும், கடங்காரா."

"மேடம், ஒரு பைப்போட ரீடிங்கை இன்னொரு பைப் பேர்ல எழுதுற மாதிரில்ல இருக்கு?"

"உங்க ஃபேக்டரி பேச்சு இங்க வேண்டாம் முருகையா. பறவை பிழைக்கணுமா, ரீடிங் பிழைக்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். பறவைதான் பெரிது என்று எனக்கும் பட்டது. அதிலிருந்து ஒவ்வொரு அக்டோபரும் டிராம்பேயில் நின்று எண்ணி, ஐரோலியில் பதிந்தோம். கல்லெறிகிறவர்கள் வரவில்லை. எங்களுக்கு ஒரே பெருமை.

3. பொய்யா, நிஜமா

ஹாலில் மேடம் எழுந்து நடந்ததையெல்லாம் சொன்னார். அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மத்லப், ஜூட்டா டேட்டா?" பொய்ப் பதிவா என்கிறார். "அது பொய்ன்னா, இன்னைக்குச் சொல்றது மட்டும் நிஜம்னு நான் எப்படி மேடம் எழுதுறது?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மேடம் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் பறவை எண்ண வரவேயில்லை.

வெளியே வந்ததும் செல்வின் ஒரு தூணில் சாய்ந்து நின்றான். தாராவியில் தையல் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன், எங்கள் குழுவில் ஒருவன். "கரையில நின்னு அவனுவள விரட்டிருக்கணும் அண்ணாச்சி. அதுக்குச் சோம்பப்பட்டு மேப்ப மாத்தினோம்லா" என்றான். யார் மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

மண் கொட்டிவிட்டார்கள்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பார்த்த இடத்தை அப்படியே பதியுங்கள். மறைக்க வேண்டுமானால் ஆப் நடத்துகிறவர்களிடம் சொல்லி மறைக்கச் செய்யுங்கள். நீங்களாக இடத்தை மாற்றாதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்தோம் என்பதை எங்கேயும் சாட்சியாகக் காட்ட முடியாது.

இந்த அக்டோபரிலும் போனேன். லாரிகளுக்கு நடுவே நின்று, டிராம்பே என்றே பின் குத்தி, கோட்டான் இல்லை என்று பதிந்தேன். அதை யாரும் சந்தேகப்படவில்லை.