இங்கிலாந்துப் பயானுக்கு நான் காய்ச்சிய கஞ்சி

மூன்று பேர் கடை வைத்து மூன்று பேரும் மூடிவிட்டுப் போன இடத்தில் நான் உணவகம் கட்டினேன். ஜெர்சி சிட்டியில் ஒரு கடையில் பாத்திரம் கழுவ வந்தவன், அந்தக் கடையின் பாத்திரங்களையே பிறகு விலைக்கு வாங்கினேன். உனக்கு இங்கிலீஷ் தெரியாது என்றார்கள். தெரிந்தவர்களை வேலைக்கு வைத்துக்கொண்டேன். டெக்சாஸுக்கு வந்து கேட்டி என்ற ஊரில் கடை போட்ட புதிதில் வெள்ளம் வந்து அடுப்படியில் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. வடிந்த வாரமே ஒரு கல்யாணத்துக்குப் பிரியாணி அனுப்பினேன். பள்ளிவாசலுக்கு கார் நிறுத்த இடம் போதாது என்று அதிகாரிகள் இழுத்தடித்தபோது, பக்கத்து டயர் கடைக்காரரிடம் பேசி வெள்ளிக்கிழமை மதியங்களுக்கு அவர் இடத்தை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். படிப்பு எட்டாவது. அதிலும் பரீட்சை எழுதவில்லை.

நான் செய்ததில் இன்னொன்றும் உண்டு. ஏறக்குறைய நானூறு வருடங்களுக்கு முன் லண்டனில் ஒரு பாதிரியார் செய்த பிரசங்கத்துக்கு, எங்கள் பேச்சில் பயானுக்கு, டெக்சாஸில் மண்டபம் நிறைய ஆள் சேர்த்தேன். அதைப் பற்றி இப்போது ஒரு புத்தகம் வந்திருக்கிறது. அதில் நான் இல்லை. எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான்.

என் மகன் டாக்டர். யாராவது கேட்டால் இவ்வளவோடு நிறுத்திக்கொள்வேன். அதற்குள் அவர்கள் மூட்டு வலியைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். பிறகுதான் சொல்ல வேண்டியிருக்கும், அவன் சரித்திரத்தில் டாக்டர் என்று. நம்ம சரித்திரமா அங்கிள் என்பார்கள். இல்லை, இங்கிலீஷ்காரன் சரித்திரம். அதிலும் பியூரிட்டன் என்று ஒரு கூட்டத்தின் சரித்திரம். எண்ணெய்க் கம்பெனியில் பிள்ளைகளை வைத்திருக்கும் தகப்பன்மார்கள் இந்த இடத்தில் என் தோளைத் தட்டிக் கொடுப்பார்கள்.

கூட்டமில்லாத ஒரு மதியம், கடையில் வைத்து அவனிடமே கேட்டேன், யார் இவர்கள் என்று.

"மார்க்கத்துல கலந்துபோன கலப்படத்தை எல்லாம் கழுவித் தள்ளணும்னு சொன்னவங்க அத்தா. சர்ச்ல படம் கூடாது, சிலை கூடாது. கிறிஸ்துமஸ் கொண்டாடறதுகூடக் கூடாது. வேதத்துல இருக்கறது மட்டும்தான்."

"ஆட்டம் பாட்டு?"

"அதுவும் கூடாது. டிராமா கொட்டகையையே இழுத்து மூடினாங்க."

"இவங்களை எனக்குத் தெரியும். நம்ம பள்ளியில முதல் வரிசையில உக்காந்திருக்காங்க."

அவன் சிரித்தான். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. எங்கள் பள்ளிவாசலில் ஒரு என்ஜினியர் தம்பி இருக்கிறார். நல்ல மனிதர். நான் இறைநேசர் நினைவாகக் கந்தூரிச் சோறு ஆக்கினால் அது மார்க்கத்தில் இல்லை என்று விளக்கம் சொல்ல வருவார். விளக்கம் முடிவதற்குள் இரண்டு தட்டு காலியாகியிருக்கும்.

பியூரிட்டன்கள் இரண்டு விதமாக எழுதிக் குவித்தார்கள் என்று மகன் சொன்னான். ஒன்று, தினம் தன் மனதைத் தானே தோண்டிப் பார்த்து, இன்று எனக்குப் பெருமை வந்தது, இன்று தொழுகையில் கவனம் சிதறியது என்று டைரி எழுதுவது. இன்னொன்று, ராஜாவும் இறைவனின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன்தான் என்று பிரசுரம் போடுவது. ராஜாவுக்கும் பார்லிமென்டுக்கும் சண்டை நடந்த காலத்தில் மாதத்துக்கு ஒரு நாள் நாடு முழுக்க நோன்பு. அன்று பார்லிமென்ட் உறுப்பினர்கள் வயிறு காய உட்கார்ந்திருக்க, பாதிரியார் அவர்கள் முகத்துக்கு நேரே பயான் செய்வார். பிறகு அதை அச்சடித்து விற்பார்கள். அந்த நோன்பு நாள் பயான்கள்தான் என் மகனுடைய பிழைப்பு.

பிழைப்புக்குத்தான் ஆபத்து வந்தது. அவன் வேலை பார்த்த காலேஜில் ஒப்பந்தம் அந்த வருடத்தோடு முடிந்தது. நீட்டிக்க வேண்டுமென்றால், இந்தப் படிப்பில் ஊர் மக்களுக்கு அக்கறை இருக்கிறது என்று காட்டச் சொன்னார் துறைத் தலைவி அம்மா. இவன் போன தடவை பேசியபோது வந்திருந்தவர்களில் பாதிப்பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். வேலை போனால் வேறு மாநிலம்தான். கிடைக்குமா என்பதே சந்தேகம். என் மனைவி பேரப்பிள்ளைகளின் போட்டோக்களைப் பார்த்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்க ஆரம்பித்தாள்.

அவன் ஒரு யோசனை செய்தான். ஒரு நோன்பு நாள் பயானை முழுசாக, அந்தக் காலத்தில் நடந்த மாதிரியே, மேடையில் மணல் கடிகாரம் வைத்து வாசிப்பது. மணல் ஒரு தடவை இறங்க ஒரு மணி நேரம். அது போல இரண்டு தடவை.

"ரெண்டு மணி நேரமா? டீ உண்டா?" என்றேன்.

"நோன்பு நாள் அத்தா. ஹாலுக்குள்ள சாப்பாடே கிடையாது. தயவுசெஞ்சு பிரியாணி கொண்டு வந்துடாதீங்க."

"ஆளு வேணுமா, வேணாமா?"

"வேணும். ஆனா யாரு வருவா?"

"என்னைக்கு?"

"அந்தக் காலத்துல புதன்கிழமை. ஹால் கிடைக்கல. வியாழக்கிழமை."

வியாழன் என்றதும் எனக்கு வழி தெரிந்துவிட்டது. அது எங்களுக்கு நபிவழியில் சுன்னத்தான நோன்பு வைக்கிற நாள். எங்கள் தெருவில் மாமிகள் வியாழக்கிழமை விரதம் இருக்கிற நாளும் அதுதான். ஆள்? கேட்டியில் வீட்டுக்கு வீடு ஊரிலிருந்து வந்த அப்பா, அம்மா இருக்கிறார்கள். ஆறு மாத விசா. கார் ஓட்டத் தெரியாது. பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு, ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரன் புல் வெட்டுவதைப் பார்ப்பார்கள். அவன் வெட்டி முடித்ததும் அந்த நாள் முடிந்துவிடும். அமெரிக்காவில் இவ்வளவு பொறுமையான சபையை யாராலும் தேடிப் பிடிக்க முடியாது.

வாட்ஸ்அப்பில் போட்டேன். வியாழன் மாலை சிறப்புப் பயான், நோன்பு திறக்க ஏற்பாடு உண்டு, வீட்டுக்கே வேன் வரும். முதல் போன் என்ஜினியர் தம்பியிடமிருந்து.

"பாய், பயான் யாரு பண்றா?"

"என் மகன்."

"அவர் எப்ப மதரஸாவுல ஓதினாரு?"

"வாசிக்கிறான். எழுதினது இங்கிலாந்து ஆளு."

"ஆதாரம் இருக்கா?"

"அச்சடிச்சே வித்திருக்காங்க தம்பி."

வருகிறேன் என்றார். சரிபார்க்கத்தான் வருகிறார் என்பது குரலிலேயே தெரிந்தது.

அன்று எங்கள் கேட்டரிங் வேன் தெருத் தெருவாகப் போய் வந்தது. ஆள் போதாவிட்டால் என்ன செய்வது என்று சமையல்காரர்களையும் சட்டை மாற்றச் சொல்லி ஏற்றிக்கொண்டேன். மண்டபம் நிறைந்தது. பின்னால் நின்றார்கள்கூட. துறைத் தலைவி அம்மா முதல் வரிசையிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தார். பட்டுப் புடவைகளும் தொப்பிகளும் துப்பட்டிகளும் திருநீறும் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, பியூரிட்டன்களுக்கு டெக்சாஸில் இப்படி ஒரு ஆதரவா என்று மலைத்திருப்பார். வேன் கடைசி நடை முடிந்து வரத் தாமதம். வரவேற்புரை அதைவிடத் தாமதம். மகன் கறுப்பு அங்கியோடு வந்து மணல் கடிகாரத்தைத் திருப்பி வைத்தபோதே நான் வாட்சைப் பார்த்தேன்.

இங்கிலீஷ் பழைய இங்கிலீஷ். என் மகனுடைய மாணவர்களுக்கே புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அவர்கள் வரும் வழியில் பர்கர் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள். என் ஆட்களில் பலர் விடியலிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள். நோன்பு என்று போட்டிருந்தேன் அல்லவா, பாதிப்பேர் நிஜமாகவே நோன்பு வைத்திருந்தார்கள். மாமிகளும் வைராக்கியமாக இருந்தார்கள். மகன் அவ்வப்போது நிறுத்தி ஓரிரு வரி தமிழில் சொன்னான். படங்களையும் பண்டிகைகளையும் ஒழித்தது பற்றி வந்தபோது என்ஜினியர் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்தவன் குறையை எண்ணுகிறவன் முதலில் தன் நெஞ்சைத் தோண்டட்டும் என்று வந்தபோது போனை எடுத்துப் பார்த்துக்கொண்டார். வேலைக்காரனை வேலை வாங்கிக்கொண்டே நீ நோன்பு இருந்தால் அது என்ன நோன்பு என்று பாதிரியார் பார்லிமென்டைக் கேட்ட இடத்தில், என் சமையல்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். நான் மேலே மின்விளக்கைப் பார்த்தேன். நல்ல மண்டபம்.

இரண்டாவது தடவை திருப்பி வைத்த மணல் பாதி இறங்கியிருக்கும். சூரியன் மறைந்து மகரிப் நேரம் வந்துவிட்டது.

நோன்பு திறப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. எங்களுக்கு அது சட்டம். மேடையில் என் மகன், ராஜாவானாலும் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்று முழங்கிக்கொண்டிருக்கிறான். ஹாலுக்குள் சாப்பாடு கூடாது என்பது அவன் சட்டம். இவன் வேலை போய்விடுமோ என்று நான் ஒரு நிமிடம் யோசித்ததும் உண்மை. ஆனால் என்னை நம்பி வந்த ஒரு மண்டபம் ஜனம் வாட்சைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறது. நான் எழுந்தேன்.

பேரீச்சம்பழம் வைத்திருந்தேன். கொட்டை எடுத்தது. காலேஜ் கம்பளத்தில் கொட்டை விழக் கூடாது என்று முன்கூட்டியே யோசித்தவன் நான். வரிசை வரிசையாகத் தட்டு போனது. சத்தமே இல்லை. உதடுகள் மட்டும் துஆ சொல்லி அசைந்தன. மாமிகள் கண்ணை மூடி ஏதோ சொல்லிவிட்டு வாயில் போட்டுக்கொண்டார்கள். துறைத் தலைவி அம்மாவும் ஒன்று எடுத்துக்கொண்டு, இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்து, மற்றவர்கள் வாயில் போடும் வரை காத்திருந்தார்.

மகன் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். கடைசிப் பழத்தைக் கொண்டுபோய் அவன் புத்தகத்தின் ஓரத்தில் வைத்தேன். அவன் அதைப் பார்த்தான். பிறகு எடுத்துச் சாப்பிட்டான். அன்று காலையில் அவன் நாஷ்டா வேண்டாம் என்றுவிட்டான் என்று மனைவி பிறகுதான் சொன்னாள். நோன்பா, பயமா என்று நான் கேட்கவில்லை.

மீதி மணல் இறங்கும் வரை ஒருவர் எழுந்து போகவில்லை. பயான் நன்றாக இருந்தது என்பது ஒரு காரணம். வெளியே வராந்தாவில் அண்டா நிறைய நோன்புக் கஞ்சி இருந்தது இன்னொரு காரணம். ஹாலுக்குள்தானே கூடாது என்றான்.

மகரிபையும் அந்த வராந்தாவிலேயே ஒரு ஓரமாகத் தொழுதோம். முடித்து வந்தபோது, துறைத் தலைவி அம்மா காகிதக் கப்பில் கஞ்சியை வைத்துக்கொண்டு, கேட்கிறவர்கள் பசியோடு இருந்தது பற்றி ஆவணங்களில் ஏதாவது இருக்கிறதா என்று மகனைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் கையிலிருந்த புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தான். நான் என் இங்கிலீஷில் சொன்னேன், "மேடம், ஹங்ரி மேன், டிஃபரன்ட் இயர்."

பசித்தவனுக்குக் காது வேறு என்று அர்த்தம். அவர் அதை எழுதிக்கொண்டார். மகன் அதையே நீளமாக, அழகாக, நானே புரிந்துகொள்ள முடியாதபடி விளக்கினான். என்ஜினியர் தம்பி இரண்டாவது கப்போடு என்னிடம் வந்தார்.

"ஆளுங்க நம்மள மாதிரிதான் பாய். ஆனா ராஜா தலையையே வெட்டிட்டாங்களாமே. அது கொஞ்சம் ஓவர்."

ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. என் மனைவி சாப்பிட ஆரம்பித்தாள். புத்தகம் வந்தது. அதில் ஒரு அத்தியாயம் முழுக்க, அந்தப் பிரசங்கங்களைப் பசித்த வயிற்றோடு கேட்டவர்களின் காது எப்படி வேறாக இருந்திருக்கும் என்பதைப் பற்றியது. பேப்பர்காரர்கள் அந்த அத்தியாயத்தைத்தான் பாராட்டினார்களாம். நன்றி சொல்லும் பக்கத்தை என்ஜினியர் தம்பியை விட்டு வாசிக்கச் சொன்னேன்.

"நூலகம் இருக்கு பாய். கூட வேலை பாக்கறவங்க, துறைத் தலைவி. பூனைக்கு நன்றி இருக்கு."

"எங்களுக்கு?"

"என் குடும்பத்தினர்னு இருக்கு. அப்புறம், சமூகப் பங்காளிகள்னு."

"கஞ்சி?"

அவர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கேயும் இல்லை.

மகன் கடைக்கு வந்தபோது கேட்டுவிட்டேன். அவன் சொன்னான், "அத்தா, அது நன்றியுரை. கல்யாணப் பத்திரிகை இல்ல, எல்லார் பேரையும் போடறதுக்கு."

"பூனை பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்றாள் என் மனைவி, அடுப்படியிலிருந்து.

அவன் பேச்சை வேறு பக்கம் திருப்பினான். அந்தப் பியூரிட்டன்கள் பெருமையைத்தான் எல்லாவற்றிலும் கெட்ட பாவமாக நினைத்தார்கள், எந்தப் புகழும் இறைவனுக்கே என்பார்கள், தினம் தன்னைத் தாழ்த்தித்தான் டைரி எழுதினார்கள் என்றான். நான் கேட்டேன், அந்த டைரிகளில் முதல் வார்த்தை என்ன என்று. யோசித்துவிட்டு, பெரும்பாலும் 'நான்' என்றான். ஆயிரக்கணக்கான பக்கம் நான், நான் என்று எழுதியவர்கள் எனக்கு அடக்கம் சொல்லித்தர வேண்டியதில்லை. நானாவது ஒரு கட்டுரையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பிறகு புத்தகத்தைத் திறந்தேன். நடுவில், அந்தப் பழைய பயானின் முதல் பக்கத்தைப் போட்டோ பிடித்துப் போட்டிருக்கிறான். கீழே பொடி எழுத்தில் ஏதோ இருந்தது.

"இது என்னன்னு வாசி."

"அது பதிப்புக் குறிப்பு அத்தா."

"வாசி."

வாசித்தான். இன்னாருக்காக அச்சிடப்பட்டது, இன்ன தெருவில், இன்ன படம் போட்ட பலகை தொங்கும் அவர் கடையில் கிடைக்கும் என்று இருந்தது. வாசித்து முடித்துவிட்டு அவன் என்னைப் பார்க்கவில்லை. பெருமையைப் பாவம் என்ற பாதிரியாரின் புத்தகத்திலேயே, விற்ற கடைக்காரனின் பெயரும் விலாசமும் முன் பக்கத்தில் இருக்கிறது. கடைக்காரன் கேட்டு வாங்கியிருப்பான். நானும் கேட்கிறேன்.

இரண்டாம் பதிப்பு வருகிறது என்கிறான். அதில் முன் பக்கம் வேண்டாம், நன்றி சொல்லும் பக்கமே போதும். ஆனால் குடும்பத்தினர் என்று மூட்டை கட்டக் கூடாது. என் பெயர் தனியாக வர வேண்டும். மண்டபத்தை நிரப்பியவர் என்று வர வேண்டும். ஹங்ரி மேன் என் வாக்கு என்று வர வேண்டும். அதன் கீழே, பொடி எழுத்தானாலும் பரவாயில்லை, என் கடைப் பெயரும், ஃப்ரீவேயில் எந்த எக்ஸிட்டில் இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதும். பூனைக்கு மேலே.