பூஜையிலிருந்து எடுத்த திருப்புளி

மெயின் சுவிட்சை அமத்தாமல் எந்த மெஷினிலும் கை வைக்கக் கூடாது. முப்பத்தைந்து வருஷம் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டிப் பிழைத்தவன் நான். பத்து விரலும் முழுசாக இருக்கிறதென்றால் அது இந்த ஒரு விதியால்தான். ராஜபாளையத்தில் என்னோடு தொழில் தொடங்கியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்கள் கையைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசுங்கள். அப்பேர்ப்பட்ட விதி ஒரு ஆயுத பூஜை அன்றைக்கு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் எழுதுகிறேன்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு, அதுவும் பாதி. ஆனால் மில்காரர்கள் வெளியூரிலிருந்து வரவழைத்த இஞ்சினியர் கைவிட்டுப் போன மோட்டாரை, காதை வைத்துக் கேட்டே எந்தப் பேரிங் போயிருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். அப்பன் சொத்து ஒரு செங்கல் கிடையாது. இன்றைக்குச் சொந்தக் கட்டடம். கீழே பட்டறை, மேலே மாடி.

அந்த மாடியில்தான் என் மகள் தொழில் தொடங்கினாள். கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சென்னையில் வேலை பார்த்தவள், ஒரு நாள் பெட்டியோடு வந்து இறங்கி, கேம் சர்வர் வைக்கப் போகிறேன் என்றாள். அது என்ன என்று கேட்டேன். பல ஊர் ஆட்கள் செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒன்றாகச் சேர்ந்து விளையாடுகிறார்களாம். அவர்கள் எல்லாரும் வந்து கூடுகிற இடத்தை எங்கேயோ ஒரு மெஷின் ராத்திரி பகலாகத் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டுமாம். அந்த மெஷினை வாடகைக்கு விடுகிற தொழிலாம்.

எனக்குப் பட்டென்று பிடிபட்டது. கல்யாண மண்டபம் மாதிரி என்று சொல் என்றேன்.

"ஆமாப்பா. ஆனா பூட்டவே கூடாத மண்டபம்."

அவள் சொன்னதில் முன்பாதிதான் என் காதில் ஏறியது.

அவளுக்கும் இந்தத் தொழில் புதுசுதான். சென்னையில் அவள் பார்த்தது வேறு வேலை. மூடிப்போன ஏதோ ஆபீஸிலிருந்து பழைய மெஷின் இரண்டு வாங்கி வந்தாள். வயரிங்கை நான் செய்தேன். எர்த் குழியை நானே நின்று வெட்டி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினேன். கரண்டு போனால் பேட்டரி, பேட்டரி போனால் ஜெனரேட்டர். இந்த ஜில்லாவில் அப்படி ஒரு ஏற்பாடு வேறு எவனாவது செய்திருந்தால் காட்டட்டும். மெஷினுக்குள் நடக்கிறதை அவள் பார்த்துக்கொண்டாள். வாடிக்கைக்காரர்களின் ஆட்டத்தை எல்லாம் தினமும் ஒரு நகல் எடுத்தாள். அந்த நகலை வைத்ததும் அதே மெஷினுக்குள், அதே டிஸ்க்கில். விதைநெல்லையும் சோற்றுநெல்லையும் ஒரே ஒழுகுகிற அறையில் போட்டு வைத்த கதை. அது தப்பு என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கோ அப்படி ஒரு நகல் இருக்கிறதே தெரியாது.

நாற்பது பேர் போல வாடிக்கை சேர்ந்தார்கள். ஒருத்தர் முகமும் தெரியாது, எல்லாம் செல்போனில் எழுத்துதான். ஒரே ஒரு பொம்பளை மட்டும் நேரில் வந்தது. வத்திராயிருப்பு. புருஷன் பட்டாளத்தில், வடக்கே மலைமுகாமில் இருந்தார். கட்டை கட்டையாக அடுக்கி வீடு வாசல் கட்டுகிற ஒரு விளையாட்டு உண்டு. சாயங்காலம் ஏழு மணிக்கு அவருக்கு ஒரு மணி நேரம் கிடைக்குமாம். அந்த நேரத்தில் அவர் அங்கிருந்தும், இந்தம்மாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் இங்கிருந்தும் உள்ளே போய் வீடு கட்டுவார்கள். விளையாட்டு வீடு என்று நினைத்துவிடாதீர்கள். வத்திராயிருப்பில் வாங்கிப் போட்டிருக்கிற மனையில் கட்டப்போகிற வீட்டைத்தான் அளவு மாறாமல் அதில் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் எந்தப் பக்கம், கிணறு எங்கே, எல்லாம் அதில்தான் முடிவாகும். ரெண்டு வருஷ லீவையும் சேர்த்து அந்த மனுஷன் குடும்பத்தோடு இருந்த நேரத்தைக் கணக்குப் பார்த்தால், அந்த வீட்டுக்குள் இருந்ததுதான் அதிகம் என்று அந்தம்மா சொன்னது. பக்கத்து ஊர் என்றால் ஏதாவது ஆனாலும் வந்து நிற்கலாமே என்றுதான் எங்களிடம் வந்ததாம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது.

"நான் உசுரோட இருக்கற வரைக்கும் இந்தக் கட்டடத்துல மெஷின் நிக்காது தாயி. போயி நிம்மதியா வீட்டைக் கட்டு."

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு என் பட்டறையில் ஒரு ஸ்பேனரைக்கூட யாரும் தொட மாட்டார்கள். சாமான்களைக் கழுவித் துடைத்து, வாழை இலையில் பரப்பி, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால், மறுநாள் மறுபூஜை போட்ட பொறவுதான் எடுக்கலாம். எத்தனையோ பேர் அவசரம் என்று வந்து நின்றிருக்கிறார்கள். நான் அசைந்தது கிடையாது. மகள் காலையிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குக் கிளம்பினாள். மாடி மெஷினுக்கும் பொட்டு வைங்கப்பா, வேறெதையும் தொடாதீங்க என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பொட்டு வைக்க மாடிக்குப் போனேன். இரண்டு மெஷினும் உறுமிக்கொண்டிருந்தன. குங்குமத்தில் விரலைத் தொட்டுவிட்டேன், ஆனால் கை முன்னால் போகவில்லை. ஓடுகிற மெஷினில் எப்படிக் கை வைப்பது? அதுவுமில்லாமல் வருஷம் பூரா ஓடுகிற ஜீவனுக்கு இன்று ஒரு நாள் ஓய்வு வேண்டாமா? பேட்டரியை அமத்தினேன், மெயினையும் அமத்தினேன். சத்தம் நின்றது. மனசுக்கு நிறைவாகத்தான் இருந்தது. இரண்டுக்கும் பொட்டு வைத்துச் சூடம் காட்டிவிட்டுக் கீழே வந்து பொரிகடலை சாப்பிட்டேன்.

அரை மணி நேரத்தில் மகளிடமிருந்து போன். படபடவென்று பேசினாள். எல்லா வாடிக்கைக்காரர்களும் எழுதுகிறார்களாம், எதுவும் திறக்கவில்லையாம், மாடியில் என்ன ஆச்சு என்று கேட்டாள். கரண்டு போயிருக்கும், பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு மேலே ஓடினேன். அறுபத்தி நாலு வயசில் அந்தப் படியை அப்படி ஏறியது நான்தானா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். மெயினைப் போட்டேன். ஒரு மெஷின் எழுந்தது. இன்னொன்று உறுமியது, நின்றது, மறுபடி உறுமியது. காதை வைத்துக் கேட்டேன். மோட்டார் என்றால் நோவு எங்கே என்று எனக்குச் சொல்லும். இது ஒன்றும் சொல்லவில்லை.

மகள் கோயில் பிரசாதத்தைக் கையில் வைத்தபடியே வந்து உட்கார்ந்து என்னென்னவோ தட்டிப் பார்த்தாள். டிஸ்க் தெரியவில்லை என்றாள். நகல் கிகல் ஏதாவது எடுத்து வைத்திருக்கிறாயா என்று, எங்கேயோ கேள்விப்பட்டதை வைத்துக் கேட்டேன். அப்போதுதான் அது எங்கே இருக்கிறது என்று சொன்னாள். தப்பெல்லாம் தன்மேல்தான் என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் பேசாமல் நின்றேன். வத்திராயிருப்பு வீடு அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. ஏழு மணிக்கு அந்த மனுஷன் வருவார்.

மதுரையில் இரண்டு கடைக்குப் போன் போட்டாள், யாரும் எடுக்கவில்லை. ஆயுத பூஜை அன்றைக்கு எவன் எடுப்பான்? டிஸ்க்கில் அழிந்ததை மீட்கிற ஆள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருத்தர் இருக்கிறார் என்றாள். வேறு ஆள் இல்லையா என்று கேட்டேன். அந்த ஆளை எனக்குத் தெரியும். இருபது வருஷத்துக்கு முன்னால் என் பட்டறையில் வேலை பார்த்தவர். ஒரு ஆயுத பூஜை அன்றைக்கு, தேவதானத்துச் சம்சாரி ஒருத்தர் பயிர் காயுது என்று கிணற்று மோட்டாரைக் கொண்டுவந்து நின்றார். நான் முடியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தால் இந்த ஆள் இலையிலிருந்து ஸ்பேனரை எடுத்துப் பிரித்துக்கொண்டிருக்கிறார். அந்த இடத்திலேயே வேலையை விட்டு நிறுத்தினேன். அதற்கப்புறம்தான் அவர் கம்ப்யூட்டர் பக்கம் போய்ப் பெரிய ஆளானார்.

மெஷினைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனோம். பஸ்ஸுக்கு முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, கண்ணாடியில் சந்தனம் அப்பியிருந்தது. ரோட்டில் உடைத்த பூசணிக்காய் மேலெல்லாம் ஏறி ஏறிப் போனது. மகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று இடித்தது. பாதி வழி தாண்டியது, நான் சொல்லவில்லை. கோபுரம் தெரிந்தது, அப்போதும் சொல்லவில்லை.

கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனோம். அவர் எழுந்து நின்றார். தலை நரைத்திருந்தது. கடை லீவு, சாமான் அம்புட்டும் பூஜையில் இருக்கிறது என்றார், சாதாரணமாகத்தான் சொன்னார். மகள் விஷயத்தைச் சொல்லி, பட்டாளத்துக்காரர் வீட்டையும் சொல்லிக் கெஞ்சினாள். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, என் மடியில் இருந்த மெஷினின் துண்டை விலக்கினோம், அவர் தொடாமல் சுற்றிப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார்.

"எப்படி நின்னுச்சு?"

"கரண்டு போயிருச்சுன்னு அப்பா சொன்னாங்க," என்றாள் மகள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "உங்க கட்டடத்துலயா மொதலாளி? உங்க கட்டடத்துல கரண்டு போச்சா?"

நான் துண்டை இழுத்துப் பொட்டை மறைத்தேன்.

"எப்படி நின்னுச்சுங்கற நெசம் தெரிஞ்சாத்தான் எங்க கை வைக்கணும்னு எனக்குத் தெரியும்."

"நான்தான் அமத்தினேன்," என்றேன். "பொட்டு வைக்கறதுக்கு."

மகள் என் மடியில் இருந்த மெஷினை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அவர் பொட்டை இன்னொரு தடவை பார்த்தார். பொறவு மூலையில் விரித்திருந்த வாழை இலையைக் காட்டினார். ஸ்க்ரூ கழற்றுகிற சின்னச் சின்னத் திருப்புளிகள் வரிசையாக, ஒவ்வொன்றின் தலையிலும் குங்குமம்.

"நான் எடுக்க மாட்டேன் மொதலாளி. ஒருக்க எடுத்து வேலை போச்சு. நீங்க எடுத்துக் குடுங்க."

அவர் முகத்தில் கேலி இல்லை. இருந்திருந்தால் நான் கிளம்பி வந்திருப்பேன். இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். சாமி என்ன நினைக்கும் என்பது ஒரு பக்கம், தேவதானத்துச் சம்சாரி அன்றைக்கு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போன முதுகு ஒரு பக்கம். எடுத்தேன். சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது, கையில் ஒட்டியது. அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மெஷினைப் பிரித்தார்.

ஓடிக்கொண்டிருக்கும்போது இது ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்குமாம். எழுதுகிறவன் கையைப் பாதி எழுத்தில் பிடித்து இழுத்த மாதிரி நான் இழுத்திருக்கிறேன். டிஸ்க்கை வேறொரு மெஷினில் மாட்டி, படிக்க முடிந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தார். திரையில் ஒரு பச்சைக்கோடு நத்தை மாதிரி நகர்ந்தது. நின்றது. நகர்ந்தது. மணி மூணு. நாலு. நான் மத்தியானம் சாப்பிடவில்லை என்பதே அப்புறம்தான் தெரிந்தது.

அஞ்சு மணிக்கு மேல் வத்திராயிருப்பு அம்மா வந்து சேர்ந்தது. மகள்தான் போனில் சொல்லியிருந்தாள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு பஸ் பிடித்து வந்திருக்கிறது. சண்டை போடும் என்று நினைத்தேன், போட்டிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து, பையைப் பிசைந்துகொண்டு கேட்டது.

"வருமா அண்ணாச்சி?"

என் தொழிலில் ஒரு வாடிக்கைக்காரருக்கு நான் அதுவரைக்கும் சொல்லாத வார்த்தையைச் சொன்னேன்.

"தெரியல தாயி."

ஆறே முக்காலுக்கு அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். வந்தவரைக்கும் வந்திருக்கிறது, சில துண்டு படிக்கவே முடியவில்லை, எது போனது என்று உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்றார். மகள் அங்கிருந்தபடியே அதை மாடியில் ஓடுகிற மெஷினுக்கு அனுப்பினாள். ஏழு மணி தாண்டியது. அந்தம்மா தன் போனைத் திறந்தது. நாங்கள் எல்லாரும் அதன் தோளுக்குப் பின்னால் நின்றோம்.

வாசல் வந்தது. கூடம் வந்தது. பிள்ளைகள் அறை, ஜன்னல்கள், மாடிப்படி எல்லாம் இருந்தது. அந்தம்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. கொல்லைக் கதவைத் திறந்ததும் நின்றுவிட்டது. கத்தியால் சதுரமாக வெட்டினது போலக் கொல்லைப்புறம் முழுக்கக் காணோம். கிணறும் தென்னைகளும் இருந்த இடத்தில், யாரும் கால் வைக்காத பழைய காடு நின்றது. கட்டினது அழிந்துபோனால், அந்த விளையாட்டு அங்கே முதலில் இருந்த காட்டையே திரும்ப வைத்துவிடுமாம். அந்தக் காட்டுக்கு முன்னால் கட்டைகளால் ஆன ஒரு மனுஷன் அசையாமல் நின்றுகொண்டிருந்தான். அது அவர்தான். எங்களுக்கு முன்னாலேயே உள்ளே வந்திருக்கிறார்.

போன் அடித்தது. அந்தம்மா இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் நீட்டியது. நடந்ததை அப்படியே சொன்னேன். பொட்டு வைக்க அமத்தினதையும், கரண்டு மேல் பழி போட்டதையும் மறைக்கவில்லை. அந்தப் பக்கம் மலைக்காற்று அடிக்கிற சத்தம் கேட்டது.

"இங்கயும் இன்னைக்குப் பூஜைதான் ஐயா," என்றார். "துப்பாக்கிக்கு எல்லாம் பொட்டு வச்சோம். ஆனா காவல்ல நிக்கறவன் கீழ வைக்கல. அவன் கையில இருக்கும்போதே வச்சுவிட்டோம்."

கோபமாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கிணற்றை எந்த இடத்தில் வெட்டினோம் என்று பெரியவளுக்கு ஞாபகம் இருக்கும், கேட்டு வை என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

மகள் என்னிடம் நான்கு நாள் பேசவில்லை. அஞ்சாம் நாள், நகல் எடுத்த டிஸ்க் ஒன்றைக் கையில் கொடுத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் கடையில் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். இப்போது வாரம் ஒரு தடவை அதைக் கொண்டுபோகிற வேலை என்னுடையது. மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போகிறேன். அவர் டீ வாங்கித் தருகிறார். பழையதை இரண்டு பேரும் பேசுவதில்லை.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மாடிக்குப் போனேன். மகள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மெஷினும் உறுமிக்கொண்டிருந்தன. முப்பத்தைந்து வருஷம் பழகிய கை, மெயின் பக்கம் தானாகப் போயிற்று. அதை இழுத்துக் குங்குமத்தில் வைத்தேன். ஓடுகிற மெஷினின் நெற்றியில், மூச்சைப் பிடித்துக்கொண்டு பொட்டு வைத்தேன். உள்ளே பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. அது மினுக்குகிறதா என்று பார்த்தபடி வெகுநேரம் அங்கேயே நின்றேன். பொரிகடலை நமத்துப்போகுது, வாங்கப்பா என்று அவள் கூப்பிட்ட பொறவுதான் இறங்கினேன்.